செல்லாத்தா மாலை போட்டப்ப

இப்படி வந்து உக்காருங்க கண்ணு. அட, அந்தப் பெட்டியப் பார்த்து ஏன் ஒதுங்கறீங்க? அதுல ஒண்ணுமில்லீங்க, வெறும் பெட்டி. பாம்ப உள்ளாற எடை போட எடுத்துட்டுப் போயிருக்காங்க.

ஆமாங்க, பாம்புதான். ஏழடி. அய்யோ எந்திரிக்காதீங்க, உங்க பூனை மெரளுது பாருங்க. வெஷம் கெடையாதுங்க, சுத்திப் புடிக்கற ஜாதி. நம்மூரு மலைப்பாம்பு இல்ல, அத வீட்ல வெச்சா புடிச்சு உள்ள போட்டுருவாங்க. இது வெளிநாட்டு ஜாதி. போவான்னு சொல்லுவாங்க. கவர்மெண்டுல பதிஞ்சு பேப்பரெல்லாம் பக்காவா வெச்சிருக்கேன். எனக்கு ரேசன் கார்டுல பேர் தப்பா இருக்குது, அவளுக்கு எல்லாம் சரியா இருக்குது.

பூனைக்கு என்ன? ரெண்டு நாளா சாப்புடலையா? அடப் பாவமே. நீங்க சாப்டீங்களா? இல்லதான? மூஞ்சியப் பார்த்தாலே தெரியுது. இந்தாங்க, கச்சாயம். காத்தால சுட்டதுங்க. அரிசிமாவு, வெல்லம், ஏலக்காய், அவ்வளவுதான், ஒண்ணும் பண்ணாது. எடுங்க. ஒத்தையா எடுக்கக்கூடாது கண்ணு, ரெண்டா எடுங்க. ம்ம்.

இன்னிக்கு எனக்குக் கையும் ஓடல காலும் ஓடலீங்க. அதான் நாலு மணிக்கே எந்திரிச்சு இதச் சுட்டேன். உள்ள போடற எடை இருக்குதே, அது சும்மா எடை இல்ல. எட்டரை கிலோவுக்குக் கீழ இருந்தா செல்லாத்தா எங்கூட வீட்டுக்கு வருவா. மேல இருந்தா எம்பையன் அவள ஓசூர்ல இருக்கற சிநேகிதனுக்குத் தாட்டி விட்டுருவான். கனடாவுல உக்காந்துக்கிட்டு உத்தரவு போடறான். "அம்மா, நீ அவள சாவடிச்சிருவ"ங்கறான். நான்! நான் சாவடிச்சிருவேனாம்! பெத்த வயிறு எரியுமா எரியாதா சொல்லுங்க.

எம்பையன் பேரு பூபதி. அவன்தான் வாங்குனான், பெங்களூர்ல வேலை பார்க்கறப்ப. அப்ப அவ ஒரு அடிதான், செருப்பு வார் தடிமன்கூட இல்ல. பெப்பர்னு பேர் வெச்சான். பெப்பர்னா மொளகாம். பொம்பளப் புள்ளைக்கு யாராச்சும் மொளகுன்னு பேர் வெப்பாங்களா? நான் செல்லாத்தான்னு மாத்திட்டேன். மூணு வருசம் முன்னாடி கனடா போகறப்ப, "ஆறு மாசம் பாத்துக்கம்மா"ன்னு கண்ணாடிப் பெட்டியோட ஹால்ல எறக்கீட்டுப் போனான். ஆறு மாசம் இன்னும் முடியல.

மொத மாசம் நான் அந்த ஹால் பக்கமே போகல. கதவுக்கு வெளிய நின்னு ஒட்டடைக் குச்சியால சுவிட்சு போடுவேன். அப்பறம் ஒரு நாள் கரண்டு போச்சு. அதுக்குப் பெட்டியில ஒரு பக்கம் சூடு வேணும், முப்பத்தொண்ணு இருக்கோணும். இன்னொரு பக்கம் இருவத்தேழு. சூடு கொறஞ்சா சளி புடிச்சுக்கும். மார்கழி மாசம் வேற. பெட்டிக்குள்ள ஒரு மூலையில சுருண்டு கெடந்தா. எனக்கு மனசு கேக்கல. எங்கூட்டுக்காரர் சபரிமலைக்கு எடுத்துட்டுப் போற கம்பளி இருந்துச்சு, அத எடுத்துப் பெட்டி மேல போத்தி, சுடுதண்ணி பாட்டலத் துணியில சுத்தி உள்ள வெச்சேன். மெதுவா வந்து அதும்மேல படுத்துக்கிட்டு என்னையே பார்த்தா. கண்ண மூடாது கண்ணு பாம்பு, இமையே கெடையாது. அவ பாட்டுக்குப் பார்த்துட்டே இருந்தா. அன்னிக்கு ஒட்டுனதுதான்.

எங்கூட்டுக்காரர் போயி அப்ப ஒரு வருசம்கூட ஆகல. பையன் அங்க. வீட்ல எனக்குன்னு உசுரோட இருக்கறது அவ ஒருத்திதாங்க. சும்மா சொல்லலை.

சாப்புடுங்க கண்ணு, கையிலயே வெச்சிருக்கீங்க. முறுக்கும் இருக்குது. கச்சாயம் இனிப்பு, நடுவுல காரமா ஒண்ணு கடிச்சாத்தான் இன்னொண்ணு எறங்கும். இந்தாங்க, ரெண்டு.

எதுல விட்டேன்? ஆங், சாப்பாடு. பூபதி ஒரு அட்டை எழுதிச் செவுத்துல ஒட்டீட்டுப் போயிருந்தான். சூடு எவ்வளவு, ஈரம் எவ்வளவு, தண்ணி எப்ப மாத்தோணும், எல்லாம். கடைசியில "பெருசானப்பறம் மாசத்துக்கு ஒரு எலி"ன்னு எழுதியிருந்தான். படிச்சுட்டு எனக்கு ஒரே சிரிப்பு. அவன் படிச்சது பூரா இங்கிலீசு ஸ்கூல்ல. தமிழ்ல ழகரம் ளகரம் ஒண்ணும் வராது. வாரத்துக்குன்னு எழுதறதுக்கு மாசத்துக்குன்னு எழுதிப்போட்டான் லூசுப்பயன்னு நானே பேனா எடுத்துத் திருத்தி வெச்சேன். ஏழடி ஒடம்புக்கு மாசத்துக்கு ஒரு எலியாம். நம்மூரு பல்லி அதவிட நல்லாச் சாப்புடும்.

எலி ஐஸ் பொட்டியில வெச்சிருக்கறதுங்க, தனி ஃப்ரிட்ஜ். மூஞ்சியச் சுளிக்காதீங்க. ஐஸ் விட்டதும் சுடுதண்ணியில குளிப்பாட்டி, தொடச்சு, நீள இடுக்கியில புடிச்சு நீட்டுவேன். லபக்குனு வாங்கிக்குவா. அந்த அழகு இருக்குதே! எங்கூட்டுக்காரருக்கு அப்பறம் நான் வெச்சத வெச்ச மாதிரி சாப்புட்டது அவதான். நான் ஹாலுக்குள்ள போனாலே கண்ணாடிகிட்ட ஓடியாந்துருவா. பசின்னுதான நெனைக்கத் தோணும்? பாவம் புள்ளைன்னு வாரம் ஒண்ணு குடுத்தேன். அப்பறம் வெள்ளிக்கெழமை ஒண்ணு சேர்த்தேன். பொங்கல், தீபாவளி, ஆடிப் பதினெட்டுன்னா நாம மட்டும் திங்கறதான்னு ஒண்ணு. அவ பொறந்த நாளுக்கு ஒண்ணு. பொறந்த நாள் எப்பன்னு யாருக்குத் தெரியும், நானா ஒரு நாள் வெச்சுக்கிட்டேன். ஒரு தீபாவளிக்குக் கச்சாயம் ஒண்ணு வெச்சேன், மோந்துகூடப் பாக்கல. மூணு நாள் நான் அவளோட பேசல.

நல்லாப் பூசுனாப்புல ஆயிட்டா. வளைஞ்சா பக்கத்துல மடிப்பு மடிப்பா விழுகும். வாலுக்கு முன்னால ரெண்டு பக்கமும் உருண்டு நிக்கும். பக்கத்து வீட்டு ருக்மணி வந்து பார்த்துட்டு, "ஏக்கா, மாசமா இருக்குதா?"ன்னு கேட்டா. கண்ணு வெக்கறா பாரு கெரகம்னு, அன்னிக்குச் சாயந்தரமே உப்பும் மொளகாயும் சுத்திப் போட்டேன். மொளகா நெடியில செல்லாத்தா தும்முனா. பாம்பு தும்மி நீங்க பார்த்திருக்க மாட்டீங்க.

எங்கூட்டுக்காரரும் அப்படித்தாங்க, நல்லாப் பூசுனாப்புல இருப்பாரு. நாச்சிமுத்துன்னா மில்லுல எல்லாருக்கும் தெரியும், ஸ்டோர்ல இருந்தாரு. முப்பத்தொரு வருசத்துல ஒரு நாள் வேண்டாம்னு சொன்னதில்ல. தட்டுல வெச்சா முடிச்சுருவாரு. சக்கரை வந்துச்சு. டாக்டர் ஒரு அட்டையக் குடுத்து இத்தனதான் சாப்புடோணும்னாரு. ஊருக்கே சக்கரை இருக்குது, அதுக்குன்னு ஆம்பளைய அரை வயித்துல வேலைக்கு அனுப்பறதா? கச்சாயம்னா அவருக்கு உசுரு. மதியத்துக்கு டிபன்ல ஆறு வெச்சு உடுவேன், சாயந்தரம் டிபன் காலியா வரும். மில்லு வாட்ச்மேன் ஒரு நாள் எங்கிட்ட சொன்னான், "அம்மா, உங்க கச்சாயத்துக்கு ஈடே இல்லீங்க, ஐயா தெனம் எனக்குத்தான் குடுப்பாரு"ன்னு. அவ்வளவு தாராளமான மனசு. தனக்குப் புடிச்சத அடுத்தவனுக்குக் குடுக்கறதுக்கு ஒரு மனசு வேணுமில்ல?

அவரு போன பொறவு ஸ்கூட்டர வித்தோம். வாங்க வந்தவன் டிக்கியத் தொறந்தா, நியூஸ் பேப்பர்ல பொட்டலம் பொட்டலமா கச்சாயம். கல்லு மாதிரி கெடக்குது. பதினொண்ணு. எனக்கு அடக்க முடியலீங்க, நடு ரோட்டுல உக்காந்து அழுதுட்டேன். ஆசை ஆசையாப் பத்திரப்படுத்தி வெச்சிருக்காரு பாருங்க, பொறவு சாப்புடலாம்னு. சாப்புடறதுக்குள்ள போயிட்டாரு மனுசன்.

சரி உடுங்க. கண்ணு கலங்குனா செல்லாத்தாளுக்கு ஆகாது. இன்னொரு கச்சாயம் எடுத்துக்குங்க. அட எடுங்க, எனக்காக.

போன தீபாவளி கழிஞ்சு ஒரு நாள் காத்தால பார்த்தா, முந்தாநாள் குடுத்த எலிய முழுசாக் கக்கி வெச்சிருக்கா. வீடெல்லாம் நாத்தம். நான் பயந்து போயி ஆட்டோ புடிச்சு இங்க தூக்கியாந்தேன். டாக்டர் தம்பி இருக்காரே, சின்ன வயசு, நல்ல புள்ள. எடை போட்டாரு, ஒன்பதே முக்கா. வயித்த அமுக்கிப் பார்த்தாரு, படம் எடுத்தாரு. "அம்மா, உள்ள பூராக் கொழுப்பு. ஈரலச் சுத்தி அடைச்சுக்கிட்டு இருக்கு. இப்படியே போனா ஒரு வருசம்கூடத் தாங்காது"ன்னாரு. "வாரம் எத்தன எலி?"ன்னாரு. சொன்னேன். பேனாவக் கீழ வெச்சுட்டாரு.

"அது என்னப் பார்த்தா ஓடி வருதே தம்பி, பசிக்காமயா வருது?"ன்னு கேட்டேன்.

"அது பசிச்சு வரலைங்க. நீங்க வந்தா எலி வரும்னு தெரிஞ்சு வருது. அதுக்குப் போதும்னு சொல்லத் தெரியாது, நீங்க குடுக்கறதால சாப்புடுது"ன்னாரு.

ஏழு வாரம் ஒண்ணும் தரக்கூடாதாம். தண்ணி மட்டும். டயட்டாம். பூபதிகிட்டயும் போன்ல சொல்லிப்போட்டாரு. அவன் அங்கிருந்து கத்தறான், "அட்டையிலதான் எழுதியிருந்தேனேம்மா"ன்னு. நான் திருத்துனத எப்படிச் சொல்றது? அப்பத்தான் ஓசூரு பேச்ச எடுத்தான். ஆடி மாசம் வரைக்கும் டைம், எட்டரைக்குக் கீழ வந்துருக்கோணும், இல்லீன்னா ஆளு வருவான்னு.

வெளிய வந்து ஆட்டோவுல ஏறுனேன். வெசனம்னா வெசனம். டயட்டுங்கற பேர்ல என் கையாலயே புள்ளையப் பட்டினி போடச் சொல்றாங்களே. எங்க வீட்ல ஒறம்பரை, விருந்தாளின்னு வந்துட்டு வெறும் வயித்தோட போனதா சரித்திரமே கெடையாது. வீட்லயே இருக்கறவள எப்படிக் காயப் போடறது? அழுதுட்டே வந்தேன். அப்பப் பார்த்தா ஆட்டோக்காரரு கருப்பு வேட்டி, நெத்தி பூரா சந்தனம், கழுத்துல துளசி மாலை. "ஏஞ்சாமி, மாலை போட்டாச்சா?"ன்னேன். "இன்னிக்குக் காத்தாலதாங்க, கார்த்திகை ஒண்ணு. நாப்பத்தெட்டு நாளைக்குக் கவுச்சி கெடையாது"ன்னாரு.

நாப்பத்தெட்டு நாள்! ஏழு வாரத்துக்கு ஒண்ணுதான் கொறச்சல்!

வண்டியத் திருப்பச் சொன்னேன். நேரா கோயில் கடை, ஒரு துளசி மாலை வாங்குனேன். வீட்டுக்குப் போயிக் குளிச்சு, கண்ணாடிப் பெட்டிக் கதவுல மாட்டி, கற்பூரம் காட்டிட்டேன். அவ்வளவுதான். செல்லாத்தா மாலை போட்டாச்சு. பட்டினின்னா பாவம். டயட்டுன்னா சீக்கு. வெரதம்னா கெம்பீரமா இருக்குது பாருங்க! அன்னிலிருந்து செல்லாத்தான்னு கூப்புடல, சாமின்னுதான் கூப்புட்டேன். "சாமி, தண்ணி மாத்தட்டுங்களா?" "சாமி, கொஞ்சம் தள்ளிக்குங்க, பெட்டி தொடைக்கோணும்." வீட்ல சாமி இருக்கறப்ப நான் மட்டும் கோழி திங்க முடியுமா? நானும் நிறுத்திட்டேன். எனக்கே நாலு கிலோ கொறஞ்சுது, அத யாரும் கேக்கல.

ருக்மணி வந்தா. "ஏக்கா, அது பொட்டப் பாம்பாச்சே, மாலை போடலாமா?"ங்கறா. "அது என்ன மலையா ஏறப் போகுது? மூணடிக்கு நாலடி பெட்டிக்குள்ள கெடக்குது. உனக்கு வேணும்னா நீ போயிப் பதினெட்டாம் படியில நின்னு சொல்லு"ன்னேன். அதுக்கப்பறம் அவளே ஒரு வாழப்பழச் சீப்பு கொண்டாந்து பெட்டி முன்னால வெச்சுட்டுக் கன்னத்துல போட்டுக்கிட்டா. டாக்டர் தம்பிகிட்ட போன்ல சொன்னேன். "பேர் என்ன வேணா வெச்சுக்குங்கம்மா, எலி மட்டும் போடாதீங்க"ன்னாரு.

இருந்தாலும் கஷ்டம்தான் கண்ணு. நான் உள்ள போனா ஓடியாருவா, கண்ணாடியில மூஞ்சிய வெச்சுக்குவா. நான் அழுதுட்டே "சாமி சரணம்"னு சொல்லீட்டு வெளிய வந்துருவேன். பத்து நாள், இருவது நாள். ஒரு மாசம் கழிச்சு நான் போனா அவ வர்றதில்ல. அவ பாட்டுக்குப் படுத்திருப்பா. அது அதவிடக் கஷ்டம்.

நாப்பத்தெட்டு முடிஞ்சுது. மாலையக் கழட்டி, டாக்டர் சொன்னாப்புல சின்ன எலியா ஒண்ணு, குளிப்பாட்டித் தொடச்சு, ஆசையா நீட்டுனேன். தலையத் திருப்பிக்கிட்டா. இந்தப் பக்கம் நீட்டுனேன், அந்தப் பக்கம் திருப்பிக்கிட்டா. கிட்டப் போயிப் பார்க்கறேன், ரெண்டு கண்ணும் பாலாட்டம் வெளுத்துக் கெடக்குது. போச்சு, பட்டினியில கண்ணு அவிஞ்சு போச்சுன்னு கத்திக்கிட்டே பூபதிக்குப் போன் போட்டேன். அவன் சிரிக்கறான். "சட்டை உரிக்கப் போகுதும்மா. அப்பக் கண்ணு அப்படித்தான் இருக்கும், சாப்பாடும் வேண்டாம்னுதான் சொல்லும். சொல்ல உடும்மா"ன்னான்.

சொல்ல உடும்மாவாம். அவனும் அப்படித்தான். போன்ல சாப்டியா, என்ன சாப்ட, ஏன் அத்தன கொஞ்சம்னு கேட்டா, "அம்மா, இங்க ஒரே பனி"ம்பான். அவன் ஊர்ல எப்பப் பார்த்தாலும் பனிதான்.

ஆனா எனக்கு அன்னிக்கு ஒரு மாதிரி ஆயிருச்சுங்க. என் கையால நீட்டி வேண்டாம்னு மூஞ்சியத் திருப்புன மொத ஜீவன் அவதான். மொதல்ல கோவம் வந்துச்சு. அப்பறம் சட்டை சுளுவா உரியட்டும்னு ஈரத் துணி ஒண்ண உள்ள போட்டுட்டுப் பேசாம உக்காந்துட்டேன். அஞ்சாம் நாள் சட்டைய உரிச்சா பாருங்க, மூக்குலருந்து வால் வரைக்கும் ஒரே சட்டை, ஒரு கிழிசல் இல்ல. கண்ணு ரெண்டும் புதுசா மின்னுது. அதுக்கப்பறம் வந்து அவளே சின்ன எலிய வாங்கிக்கிட்டா. சட்டைய மடிச்சு எங்கூட்டுக்காரர் பட்டு வேட்டிக்குள்ள வெச்சிருக்கேன்.

அதுலருந்து மாசம் ஒண்ணுதான். அமாவாசையன்னிக்குக் காக்காய்க்கு அவர் பேரச் சொல்லிச் சோறு, மறுநாள் செல்லாத்தாளுக்கு எலி. மறக்காது. ரெண்டு பேருக்கும் மாசத்துக்கு ஒருக்கா.

இருங்க, நர்சம்மா வருது.

என்ன கண்ணு சொல்றீங்க? எட்டு இருநூறா? நெசமாவா? எட்டரைக்குக் கீழதான? டாக்டர் என்ன சொன்னாரு? ஈரல் தேவலையா? அய்யப்பா! பூபதிக்கு நீங்களே மெசேஜு போட்டுருங்க கண்ணு, நான் சொன்னா நம்ப மாட்டான். ஓசூர்க்காரன வரச் சொல்லாதேன்னு சொல்லுங்க. எஞ்செல்லாத்தா வீட்டுக்கு வர்றா!

கேட்டீங்களா கண்ணு? எட்டு இருநூறு! இருங்க, டப்பாவுல அடித்தட்டுல ஒப்புட்டு வெச்சிருக்கேன், நெய் ஊத்துன போளி. நல்ல சேதின்னா எடுக்கலாம்னு மூடி வெச்சிருந்தேன். வாயத் தொறங்க, நானே ஊட்டி உடறேன்.

உங்களக் கூப்புடறாங்களா? பதினாலு, பூனை. ஆமா, நீங்கதான். ஃபைல எடுங்க, பைக்குள்ளதான வெச்சீங்க. மெதுவா, மெதுவா. என்னமோ விழுந்துருச்சு பாருங்க. நீங்க பூனையப் புடிங்க, நான் எடுக்கறேன்.

என்ன கண்ணு இது?

தடுப்பூசி நோட்டீசுல சுத்தி வெச்சிருக்கீங்க. மூணு கச்சாயம், ரெண்டு முறுக்கு. நான் குடுத்தது பூராவும் இருக்குதே. ஒண்ணுகூடக் கடிக்கல.

அய்யோ, மன்னிப்பெல்லாம் எதுக்குங்க. பரவால்ல. பொறவு சாப்புடலாம்னு எடுத்து வெச்சிருப்பீங்க, ஆசையா.

எப்படி மடிச்சிருக்கீங்க. நாலு மூலையும் உள்ள தள்ளி, எண்ணெய் வெளிய தெரியாம.

ஸ்கூட்டர்லயும் இப்படித்தான் மடிச்சிருந்துச்சு.

பதினொண்ணு.

முப்பத்தொரு வருசம் கண்ணு. வசந்தாமணி, போதும், வேண்டாம்னு ஒரே ஒரு வார்த்தை. சொல்லியிருந்தா நான் என்ன அவர அடிச்சா போட்டிருப்பேன்? அந்த வாட்ச்மேனுக்கு வேற தெனம்...

நீங்க போங்க. பூனை கத்துது. நான் நல்லாத்தான் இருக்கேன். இந்தப் பொட்டலம் எங்கிட்டயே இருக்கட்டும். இதா, டப்பாவ மூடிட்டேன் பாருங்க.

பூனைக்கு என்ன சொன்னாங்கன்னு மட்டும் வெளிய வந்து ஒரு வார்த்தை சொல்லீட்டுப் போங்க. சாப்புடச் சொல்ல மாட்டேன்.